தீவில் வளர்ந்த சிந்தனை

அழைத்தால் ஓடிவரும் மான் அன்று அசையவில்லை. பாலூட்டி வளர்த்த தாய் அது! கதறினான் சிறுவன். மனிதரே இல்லாத தீவு. கேட்பாரும் இல்லை, 'எல்லாம் விதி' என்று தேற்றுவாரும் இல்லை. ஒருவகையில் அதுவே அவனுக்கு வாய்த்த நற்பேறு!

கண்ணை நோக்கினான், காதை நோக்கினான், பழுதேதும் காணோம். பழுது உள்ளேதான் இருத்தல் வேண்டும் எனத் துணிந்தான். கூரிய கற்சில்லும் பிளந்த நாணலும் கொண்டு மார்பைத் திறந்தான். இதயத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் உறைந்த குருதி, மற்றொன்றில் வெறுமை. அங்கே குடியிருந்த ஏதோ ஒன்று போய்விட்டது; தான் நேசித்த தாய் இந்த உடலன்று, போய்விட்ட அதுவே எனத் தெளிந்தான்.

சிறுவன் பெயர் ஹய் இப்னு யக்ழான். 'விழித்திருப்பவன் மகன் உயிருள்ளவன்' என்பது பொருள். 12ஆம் நூற்றாண்டில் இக்கதையை அரபு மொழியில் தீட்டியவர், ஸ்பெயின் நாட்டில் பிறந்த மருத்துவர் இப்னு துஃபைல்.

நெருப்பைக் கண்டான், விண்மீன்களின் போக்கை ஆராய்ந்தான், உலகுக்கு மூலம் எது என வினவினான் ஹய். அந்த ஆராய்ச்சி இறுதியில் அவனை இறைக்காட்சியிற் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதை மறைத்துக் கதை சொல்வது நேர்மையன்று. ஆனால், ஏடுமில்லை, குருவுமில்லை. அவ்விடத்தை அவன் அடைந்தது தன் அறிவின் துணையால் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐம்பது வயதில் அவன் காணும் முதல் மனிதன் அப்சால். தனிமை நாடி அண்டைத் தீவிலிருந்து வந்த பக்தன், பேச்சும் கற்பித்தான். அவன் ஊரின் சமயநெறியைக் கேட்ட ஹய்க்கு இரண்டு ஐயங்கள். உண்மையை நேரே உரைக்காமல் உவமைகளில் பொதிந்தது ஏன்? பொருள் குவிக்க மக்களை விட்டது ஏன்? கூர்மையான கேள்விகள்!

இருவரும் அவ்வூர் சென்றனர். தலைவன் சலாமான் வரவேற்றான். எழுத்தின் மேற்பொருளைத் தாண்டி ஹய் பேசத் தொடங்கியதும் கேட்டோர் முகம் சுளித்தனர். இவர்களுக்கு இதுவே போதும் என்று முடிவு கட்டினான் ஹய். பேசியதற்கு மன்னிப்பும் வேண்டினான். பழைய நெறியையே பற்றியிருங்கள் என்று கூறி, அப்சாலுடன் தீவுக்கே திரும்பினான்.

இங்கேதான் எனக்கு ஹய்யின்மீது சினம் மூளுகிறது. நாள்தோறும் பிள்ளைகள்முன் நிற்கும் ஆசிரியன் நான். பாடம் புரியவில்லையென்று வகுப்பை விட்டு ஓட எனக்கு உரிமை உண்டா? நெருப்பைக் கண்டறியப் பொறுமை காட்டியவன், மனிதரிடம் அதில் பாதியேனும் காட்டியிருக்கலாகாதா?

வியப்பு என்னவெனில், கதை எழுதியவர் தீவு தேடவில்லை. கலீபா அபூ யஃகூப் யூசுபின் மருத்துவராக அரசவையிலேயே இருந்தார். இளையவரான இப்னு ருஷ்தை மன்னனுக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. 1185இல் துஃபைல் மறைந்தார். 1195இல் அக்கலீபாவின் மகன், இப்னு ருஷ்தைக் கார்டோவாவிலிருந்து லூசினா என்னும் சிற்றூருக்குத் துரத்தினான். அவருடைய தத்துவ ஏடுகள் தீக்கிரையாயின. ஹய்யின் கதையோ 1671இல் ஆக்ஸ்போர்டில் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. 1708இல் அரபு மூலத்திலிருந்து நேரே ஆங்கிலத்திலும் வந்தது.