லிஃப்ட் மெக்கானிக் வேலை ஏன் ஆபத்தானது? விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

உங்க அபார்ட்மென்ட் லிஃப்ட் நின்றதும் "எப்போ சார் சரியாகும்?" என்று போன் மேல் போன் போடுவீங்க. அந்த நேரத்தில் மெக்கானிக் லிஃப்ட் பெட்டியின் கூரை மேலோ, அடியில் இருக்கும் பள்ளத்திலோ நின்றுகொண்டிருக்கலாம். பெட்டி மேலே ஏறும்போது, அதைச் சமன்செய்யும் எடை பக்கத்திலேயே கீழே இறங்கும். அந்த நேரம் பார்த்து தலையை நீட்டினால் போச்சு. அதனால்தான் கூரை மேலேயே ஒரு ஸ்டாப் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கீழே பள்ளத்திலும் ஒன்று உண்டு. மெயினை அணைத்துவிட்டு பூட்டு போட வேண்டும் என்பது அடிப்படை விதி. நாம் அவசரப்படுத்தினால் அந்தப் பூட்டுதான் விடுபடும்.

லிஃப்டுக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. பம்பாயில் 1939-லேயே வந்துவிட்டது. நொய்டாவில் அத்தனை அடுக்குமாடிகள் எழும்பிய பிறகும் உத்தரப் பிரதேசத்துக்கு 2024 வரை ஆனது.

லிஃப்ட் பொருத்துபவர் பல இடங்களில் துணை ஒப்பந்ததாரரின் ஆள். அடிபட்டால் "எங்க ஆள் இல்லை" என்று லிஃப்ட் நிறுவனம் கைகழுவ முடியாது. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தத்தில் விட்ட நிறுவனமும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்கிறது தொழிலாளர் சட்டம். இஎஸ்ஐ-யில் பதிவானவர் என்றால் (சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய்) உதவி அங்கிருந்து வரும்.

லிஃப்டில் 'வேலை நடக்கிறது' போர்டு தொங்கினால் மெயின் சுவிட்சைத் தொடாதீங்க. வாட்ச்மேனிடமும் சொல்லி வைங்க.