காற்றாலையால் காபன் எவ்வளவு குறைகிறது? கணக்கைப் பார்க்கும் முறை

மன்னார் தீவில் இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 30 காற்றாலைகள், மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவோட். ஆனால் காபன் எவ்வளவு குறைந்தது என்பதைக் கொள்ளளவு சொல்லாது.

முதலில், உண்மையில் உற்பத்தியான அலகுகளைப் பார்க்க வேண்டும். அடுத்து, அந்த மின்சாரம் எதற்குப் பதிலாக வந்தது என்று கேட்க வேண்டும். நிலக்கரியில் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. டீசலில் சுமார் 0.7 கிலோ. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி குறைந்தால் பயன் பெரிது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மன்னாரில் காற்று பலமாக வீசுகிறது. மலையகத்திலும் அப்போதுதான் மழை. நீர்மின்சாரத்தைக் குறைத்துச் சேமித்த நீர், பின்னர் எண்ணெய் எரிப்பதைத் தவிர்த்தால்தான் அங்கே பயன் கிடைக்கும்.

மூன்றாவது, வீணாகும் மின்சாரம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்கேள்வி குறைந்தபோது, கூரைச் சூரியமின் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டது. மின்கலச் சேமிப்பு இல்லாவிட்டால் இந்த இழப்புத் தொடரும்.

காபன் கணக்கில் வராதவை நிலமும் நீரும். சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தால் நிலத்தடி நீர் மாசடைந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. 2025 இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். காபன் குறைப்பின் பயன் முழு நாட்டுக்கும் போகிறது. நிலத்தைக் கொடுப்பது ஓர் ஊர். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதே முழுமையான மதிப்பீடு.