66 பிட் பை

பைத்தான் தெரிஞ்சவங்க ஒரு வரி ஓட்டிப் பாருங்க: பை ரேடியனுக்கு சைன் எவ்வளவு? பள்ளிக்கூடக் கணக்குப்படி பூஜ்யம். திரையில் வருவதோ, தசமப் புள்ளிக்குப் பின் 15 பூஜ்யம், அப்புறம் 122464679... பக்னு நினைச்சுடாதீங்க, அது சரியான விடைதான். பை முடிவே இல்லாத எண். கம்ப்யூட்டர் அதை 53 பிட்டோடு வெட்டித்தான் வைத்திருக்கிறது. வெட்டியதில் விட்டுப்போன துண்டுதான் அந்தக் குட்டி எண்.

அந்தத் துண்டைச் சரியா சொல்லணும்னா, நிஜமான பையின் இலக்கங்கள் அதற்கு மேலும் கையில் இருக்கணும். இன்டெல் சிப்பில் சைனுக்குன்னே ஒரு கட்டளை 1987இல் 80387உடன் வந்தது. பென்டியம் காலத்தில் அதற்குள் இருந்த பை வெறும் 66 பிட். 66இல் 53 போனால் மிச்சம் 13. அதனால் விடை 12246 வரை சரி, அப்புறம் 06353ன்னு வேற பாதை. கையேடு மட்டும், பிழை கடைசி பிட் அளவுக்குக்கூட வராதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தது! 2014இல் புரூஸ் டாசன் என்ற புரோகிராமர் இதை எழுதி அம்பலப்படுத்தினார். இன்டெல் கையேட்டைத் திருத்தியது. சிப்பைத் தொடவில்லை.

ஏன் தொடலை? ஏஎம்டி கதையைக் கேளுங்க. அவங்க கே5 சிப்பில் 256 பிட் பை வைத்தார்கள். விடை துல்லியம், ஆனா இன்டெலோடு ஒத்துப்போகல. பின்னால் வந்த சிப்களில் பழைய 66க்கே திரும்பிட்டாங்க. எல்லாரும் பழகின தப்பு, சந்தையில் சரியை ஜெயிச்சிடுச்சு. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப உறுத்துற இடம் இதுதான்.

வழி தெரியாமலும் இல்லை. மேரி பெய்ன், ராபர்ட் ஹானெக் இருவரும் 1983லேயே அதை எழுதிவிட்டார்கள். எண் எவ்வளவு பெரிசா இருந்தாலும், முழுச் சுற்றுகளைத் தள்ளிட்டு, மிச்சக் கோணத்துக்குத் தேவையான பை இலக்கங்களை மட்டும் எடுத்துப் பெருக்கினால் போதும். 1993இல் சன் நிறுவனத்தின் எஃப்டிலிப்எம் நூலகம் அதைச் செய்தது. அதற்குள் இரண்டை பையால் வகுத்த எண், 476 தசம இலக்கத்துக்கு அட்டவணையா இருக்கு. கோணம் சின்னதானதும், 13ஆம் அடுக்கு வரை போகும் ஒரு பல்லுறுப்புக்கோவை, சைன் ரெடி.

ஜாவா சரியான விடையைப் பிடிச்சுக்கிட்டது. அதுக்காக ஸ்லோன்னு திட்டும் வாங்கியது. 2005இல் ஜேம்ஸ் காஸ்லிங்கே உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினுக்குள்ளும் எஃப்டிலிப்எம் வாரிசு இருக்கு. கன்சோலைத் திறந்து, 10இன் 22ஆம் அடுக்குக்கு சைன் கேளுங்க. மைனஸ் 0.8522ன்னு வரும். அதுதான் சரி.