நட்டவரே உண்ணும் நாள்

எங்கள் வானகரத்தின் வழியே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலை, கிழக்கே வேப்பேரியின் அருகே கொண்டு சேர்க்கும். 1742இல் சென்னைக்கு வந்து, பின்னர் வேப்பேரியில் தங்கிப் பணியாற்றிய ஜெர்மானியப் பாதிரியார் பப்ரிசியஸ், விவிலியத்தைத் தமிழாக்கியவர். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது அவர் பழவேற்காட்டில் புகலடைந்தார். இடம்பெயர்ந்தோர் துயரை அறிந்த அவர் கையால், தீர்க்கதரிசிகளின் திராட்சத்தோட்டம் தமிழுக்கு வந்தது. அத்தோட்டம் உணர்த்துவது யாது என்பதை இன்று கூற விழைகிறேன்.

பள்ளியில் வரலாறு கற்பித்த நாளில் மாணவர்கள், "ஐயா, திராட்சத்தோட்டத்துக்கு ஏன் இத்தனை பெருமை?" என வினவுவர். "வெற்றிலைக் கொடிக்காலை எண்ணிப் பாருங்கள்" என்பேன். மலைச்சரிவில் கல் பொறுக்கி, வேலியடைத்து, காவற்கோபுரம் எழுப்பி, பாறையில் ஆலை குடைந்து, சில ஆண்டுகள் காத்திருந்தால்தான் பழம் காணலாம். படையெடுத்து வருவோன் அதை ஒரே நாளில் வெட்டி வீழ்த்துவான். ஆதலின் நட்டவன் உண்பது அமைதிக்கு அடையாளம். நட்டதைப் பிறன் உண்பது சாபம்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஏசாயா, நற்கனி தராத தோட்டத்தின் வேலி இடிக்கப்படும் என எச்சரித்தார். செல்வர் அண்டை நிலங்களை வளைத்துக்கொண்டதையும் அவ்விடத்திலேயே கடிந்தார். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். அக்காலத்தவரான எரேமியாவோ, சமாரியா மலைகளில் மீண்டும் கொடி நடப்படும், நட்டவரே பயன் துய்ப்பர் என்று உறுதி கூறினார்.

கி.மு. 538இல் பாரசீக மன்னன் கோரேசு யூதர் நாடு திரும்ப இசைவளித்தான். வாக்குறுதி அன்றே நிறைவேறிற்றா? இல்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, ஆளுநர் நெகேமியாவிடம் ஏழைகள் முறையிட்டனர். தானியத்துக்காகத் தோட்டங்களை ஈடு வைத்தோம், அரசிறைக்காகக் கடன்பட்டோம், பிள்ளைகளை அடிமைப்படுத்த நேர்ந்தது என்றனர். இம்முறை பறித்தவர் அந்நியர் அல்லர், சொந்தச் சகோதரர். நெகேமியா சபை கூட்டி அவர்களைக் கண்டித்து, தோட்டங்களைத் திருப்பித் தரச் செய்தார்.

மீட்பு என்பது ஊர் திரும்புவதோடு முடிந்துவிடுவதன்று என்பதே இவ்வரலாறு தரும் பாடம். வானகரத்தில் நான் கண்ட வயல்கள் மனைகளாயின. நிலத்தை விற்ற உழவர் சிலர் இன்று அடுக்குமாடி வாயில்களில் காவலராய் நிற்கின்றனர். அவர்களைக் கடந்து செல்லுந்தோறும், நெகேமியா கூட்டிய சபை என் நினைவில் எழுகின்றது.