தார், ஜிம்னிக்கு 'லிஃப்ட்' போடலாமா? எவ்வளவு உயரம், எந்த சைஸ் டயர்? காசு கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தார் அல்லது ஜிம்னி வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும். ஸ்பிட்டிக்கோ ஜெய்சால்மருக்கோ ஒரு ட்ரிப் அடித்திருப்பீர்கள். வழியில் பார்த்த உயரமான வண்டிகள் மனதை விட்டுப் போகவில்லை. ஊருக்கு வந்து கராஜில் விசாரித்தால், "ரெண்டு இன்ச் தூக்கிடலாம் சார், பெரிய டயரும் போட்டுடலாம், ஒரே நாள் வேலை" என்கிறார்கள்.

வேலை ஒரு நாள்தான். ஆனால் அதற்குப் பிறகு வண்டி வளைவில் நடந்துகொள்ளும் விதம், பிரேக் பிடிக்கும் தூரம், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்பது வரை எல்லாமே மாறக்கூடும். எனவே எவ்வளவு உயர்த்துவது, எந்த டயர் போடுவது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டு முடிவு செய்வது நல்லது.

'லிஃப்ட்' என்றால் என்ன?

இதில் மூன்று வகை உண்டு.

சஸ்பென்ஷன் லிஃப்ட்: நீளமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் மாட்டுவது. செலவு அதிகம். சரியாகச் செய்தால் மூன்றில் இதுதான் உருப்படியானது.

ஸ்பேசர் லிஃப்ட்: பழைய ஸ்பிரிங்கின் மேலேயோ கீழேயோ ஒரு கட்டை வைத்து உயர்த்துவது. விலை குறைவு. ஆனால் ஷாக் அப்சார்பரின் நீளம் மாறாததால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும் தூரம் குறைந்துவிடும். ஆஃப்ரோடுக்கு அதுதான் முக்கியம்.

பாடி லிஃப்ட்: சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைப்பது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், அவ்ளோதான். சேஸிஸ் இருந்த உயரத்திலேயே இருக்கும்.

லிஃப்ட் போட்டால் கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடுமா?

பலர் ஏமாறும் இடம் இதுதான். ஜிம்னியிலும் ஃபோர்ஸ் கூர்காவிலும் முன்னும் பின்னும் ஒரே தண்டாக வரும் ரிஜிட் ஆக்சில் இருக்கிறது. அதன் நடுவில் தொங்கும் உருண்டைதான் டிஃபரன்ஷியல். பாறையில் முதலில் தட்டுவது பெரும்பாலும் அதுதான்.

ஸ்பிரிங்கை எவ்வளவு நீளமாக்கினாலும் ஆக்சில் உயராது. ஏனென்றால் ஆக்சில் நிற்பது ஸ்பிரிங்கின் மேல் அல்ல, டயரின் மேல். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் பாதிதான் கிளியரன்ஸாகக் கிடைக்கும்.

மஹிந்திரா தாரில் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்திருப்பதால் லிஃப்ட் போட்டால் அது உயரும். பின்பக்கம் ரிஜிட் ஆக்சில்தான். அங்கே அதே பழைய கதை.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? வண்டியின் வயிற்றுப் பகுதியைக் காப்பாற்ற. 5 கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,590 மி.மீ.; வெளிநாடுகளில் விற்கும் 3 கதவு ஜிம்னிக்கு 2,250 மி.மீ. மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் தாண்டும் 'பிரேக் ஓவர்' கோணம் 3 கதவில் 28 டிகிரி, 5 கதவில் 24 டிகிரி. நீளமான வண்டிகள் மேட்டில் வயிறு மாட்டிக்கொள்வது இதனால்தான். லிஃப்ட் உதவுவது இந்த இடத்தில். கூடவே பெரிய டயருக்கு இடமும் கிடைக்கும்.

டயர் எண்ணை எப்படிப் படிப்பது?

தாரில் வரும் 255/65 ஆர்18 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 255 என்பது டயரின் அகலம், மி.மீ.யில். 65 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். அதாவது சுமார் 166 மி.மீ. 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். அது 457 மி.மீ. மேலும் கீழும் பக்கச் சுவரைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 789 மி.மீ., அதாவது 31 இன்ச்.

2020-ல் வந்த தாரின் இன்னொரு வேரியண்டில் 245/75 ஆர்16 டயர் கொடுத்தார்கள். ரிம் 2 இன்ச் சின்னது. ஆனால் மொத்த விட்டம் 774 மி.மீ. வித்தியாசம் 15 மி.மீ.தான். பக்கச் சுவரின் உயரமோ 184 மி.மீ. கல்லும் குழியுமான பாதைக்கு இந்த உயரமான பக்கச் சுவர்தான் நல்லது. ரிம் பெரிதாக இருந்தால் பார்க்க அழகு. ஆனால் பாறையில் அடிபட்டு ரிம் வளையும் வாய்ப்பும் அதிகம்.

முதலில் டயரா, லிஃப்டா?

டயர்தான். எந்த டயர் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அது உரசாமல் சுழல எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவு மட்டும் லிஃப்ட் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் தேவையில்லாத உயரத்துக்குக் காசு கொடுப்பீர்கள்.

ஜிம்னியை வைத்துப் பார்ப்போம். கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ.

215/75 ஆர்15 போட்டால் விட்டம் 703 மி.மீ. ஆக்சிலுக்குக் கிடைப்பது 5 மி.மீ. மட்டுமே. ஆனால் டயர் அகலமாகும். நல்ல ஆல் டெரெய்ன் டயராக இருந்தால் பிடிமானத்தில் வித்தியாசம் தெரியும்.

235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733 மி.மீ. ஆக்சிலுக்கு 20 மி.மீ. கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங்கை முழுசா திருப்பும்போதும், ஒரு சக்கரம் மேலே அமுங்கும்போதும் உரச வாய்ப்பு உண்டு. 40 முதல் 50 மி.மீ. லிஃப்ட் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இது.

சமதளத்தில் நிறுத்தி, "பாருங்க சார், எங்கேயும் படல" என்று காட்டினால் நம்பாதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பெரிய டயரால் வேறு என்ன மாறும்?

மேலே சொன்ன 235/75 டயர் கம்பெனி டயரைவிட 5.8 சதவீதம் பெரியது. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் போகும். பொதுவாக ஸ்பீடோமீட்டர்கள் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். பெரிய டயர் அந்தக் கூடுதலைத் தின்றுவிடும். மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் அதைவிட வேகமாகவே போய்க்கொண்டிருக்கலாம்.

இழுவிசையும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கியர் விகிதத்தை மாற்றாமல் பெரிய டயர் போட்டால், மலையேற்றத்தில் ஒரு கியர் குறைத்தே ஓட்ட வேண்டிவரும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும் அதிக வேலை. மைலேஜும் அடிவாங்கும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். தாரிலும் ஜிம்னியிலும் அது பின் கதவில்தான் தொங்குகிறது. கனமான சக்கரத்தை மாட்டினால் கதவின் கீல் தளர்ந்து, குலுங்கும் சத்தம் வரத் தொடங்கும்.

உயரம் கூடினால் கவிழும் ஆபத்து எவ்வளவு?

இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1,400 மி.மீ., வண்டியின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட வண்டி நின்ற நிலையில் பக்கவாட்டில் 45 டிகிரி சாயும்போது கவிழும். லிஃப்டும் டயரும் சேர்ந்து மையத்தை 65 மி.மீ. உயர்த்தினால், அது 42.5 டிகிரியாகக் குறையும்.

இரண்டரை டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் ஓடும் வண்டியில் ஸ்பிரிங் அமுங்குவதும், திடீரென ஸ்டியரிங்கை வெட்டுவதும் சேர்ந்துகொள்ளும். நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வரும்போது உங்களுக்கு இருக்கும் இடைவெளியே அவ்வளவுதான். மேலே கேரியர் போட்டு, அதில் டென்ட்டும் டீசல் கேனும் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசம்.

லிஃப்ட் போட்ட வண்டியில் ஸ்டியரிங்கின் 'கேஸ்டர்' கோணமும் மாறும். விளைவு, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராவது குறையும். வேகத்தில் வண்டி அலையும். ஜிம்னி போன்ற வண்டிகளில் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பி சாய்வதால், ஆக்சிலே ஒரு பக்கமாக நகரும். தாரில் முன் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் வேலை செய்து சீக்கிரம் தேயும். இவற்றைச் சரிசெய்யும் பாகங்கள் இல்லாமல் வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தருவது அரைகுறை வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அபராதம் 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். இதற்குப் பொறுப்பாவது வண்டியின் உரிமையாளர். "எல்லாரும் போட்டிருக்காங்களே" என்பது அங்கே பதிலாகாது.

இன்ஷூரன்ஸில், வண்டியில் செய்த மாற்றங்களை நிறுவனத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் சிக்கலாகலாம். வாரண்டியும் அப்படியே: மாற்றிய பாகத்தால் வந்த பழுது என்று சொன்னால் செலவு உங்கள் தலையில்தான்.

பொதுச் சாலையில் ஓட்டும் வண்டிக்குப் பாதுகாப்பான வழி, உங்கள் மாடலுக்கு நிறுவனமே தரும் டயர் அளவுகளுக்குள் நிற்பதுதான். அதற்கு மேல் போகிறீர்கள் என்றால், வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்போ உங்களுக்கு எது சரி?

* தினமும் ஆபீஸ், ஆண்டுக்கு ஒருமுறை மணாலி - லே அல்லது ஸ்பிட்டி: லிஃப்ட் வேண்டாம். கம்பெனி அளவிலேயே நல்ல ஆல் டெரெய்ன் டயர் போதும்.

* ஜெய்சால்மர் மணல்: உயரத்தைவிடக் காற்றழுத்தம்தான் முக்கியம். 15-18 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து மணலில் மிதக்கும். தார்ச்சாலைக்கு வருமுன் திரும்பக் காற்று நிரப்ப ஒரு கம்ப்ரசர் வாங்குங்கள்.

* குடகு, கேரள மலைகளின் மழைக்கால சேறு: டயரின் பட்டன்தான் பேசும். அடிக்கடி போகிறவர்கள் மட் டெரெய்ன் பற்றி யோசிக்கலாம். ஆனால் அது சாலையில் சத்தம் போடும். ஈரத் தார்ச்சாலையில் பிடிமானமும் குறைவு.

* மாதா மாதம் பாறையும் பள்ளமுமாக ஓட்டுகிறவர்கள்: 40 முதல் 50 மி.மீ. சஸ்பென்ஷன் லிஃப்ட், அதற்குப் பொருந்தும் டயர். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. முன்னதாக, அடிப்பகுதியைக் காக்கும் ஸ்கிட் பிளேட் போட்டுவிடுங்கள்.

* 75 முதல் 100 மி.மீ. லிஃப்ட்: ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் கம்பிகள் என்று வரிசையாக மாற்ற வேண்டிவரும். இது போட்டிக்கு மட்டும் லாரியில் ஏற்றிப்போகும் வண்டிக்கான வேலை. குடும்பத்தோடு போகும் வண்டிக்கு அல்ல.

கராஜில் என்னென்ன கேட்கணும்?

ஷாக் அப்சார்பரும் சேர்ந்து மாறுகிறதா? கேஸ்டரைச் சரிசெய்யும் பாகம் கிட்டில் இருக்கிறதா? பிரேக் ஹோஸ் நீளம் போதுமா? டயரின் லோடு இண்டெக்ஸ் கம்பெனி டயருக்குக் குறையாமல் இருக்கிறதா? வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும் சரிபார்ப்பார்களா? தார் ராக்ஸ் போல ஏ.டி.ஏ.எஸ். கேமரா உள்ள வண்டி என்றால், அதை மறுபடி அளவீடு செய்ய வழி இருக்கிறதா? கழற்றும் பழைய ஸ்பிரிங், ஷாக், டயர் எல்லாம் உங்களிடம் திரும்ப வருமா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றாலோ, அதிகாரி மறுத்தாலோ, வண்டியை விற்க வேண்டி வந்தாலோ பழைய நிலைக்குத் திரும்ப அவை வேண்டும்.

ஒரு யோசனை. முதல் வருடம் டயரை மட்டும் மாற்றி, காற்றழுத்தத்தைக் குறைக்கவும் ஏற்றவும் பழகி ஓட்டிப் பாருங்கள். வண்டி எங்கெல்லாம் தட்டியது, எங்கே மாட்டியது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பில் வயிறு தட்டிய இடங்கள் நிறைய இருந்தால் லிஃப்ட் பற்றி யோசிக்கலாம். ஒன்றுமே இல்லை என்றால், அந்தக் காசில் இன்னொரு ட்ரிப் போய்விட்டு வரலாம்.