பயிற்றுநர்

'பயில்' என்றால் கற்றல் மட்டுமல்ல. அடிக்கடி நிகழ்தல், நெருங்கிப் பழகுதல் என்றும் பொருள் உண்டு. துயில் 'துயிற்று' ஆவதுபோல், பயில் 'பயிற்று' என்று பிறவினையாகிறது. அதோடு 'நர்' சேர்ந்தால் பயிற்றுநர்: பிறர் கையைத் தொழிலுக்குப் பழக்குபவர். ஓட்டுநர், இயக்குநர் போல இங்கும் 'ந'தான், 'பயிற்றுனர்' பிழை.

தஞ்சாவூர் அரசு ஐடிஐயில் வெல்டிங் கற்றுத்தருபவர் அலுவலக ஏட்டில் பயிற்சி அலுவலர், பிள்ளைகளுக்கு 'சார்'. எனக்கென்னவோ பயிற்றுநர் என்பதே அவருக்குப் பொருத்தமாகப் படுகிறது. தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, கற்பிக்கவும் தெரிய வேண்டும். அதற்கென்றே ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. சென்னை கிண்டியிலுள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் அதை நடத்துகிறது. பாடக்குறிப்பு எழுதுவது, செய்துகாட்டி விளக்குவது எல்லாம் அதில் அடக்கம். டிராக்டரும் நெல் அறுவடை இயந்திரமும் நிறைந்துவிட்ட காவிரி டெல்டாவில் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும்; அவர்களை உருவாக்க இத்தகைய பயிற்றுநர்கள் இன்னும் நிறையத் தேவை.