எட்டாயிரத்தில் ஒன்று: ஓர் ஆய்வின் பின்வரலாறு

நம் பாடநூல்களில் தங்கத் தகடு ஆய்வு 1911-ஆம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. ஆல்பா துகள்கள் சில பின்னோக்கித் திரும்பின. அதைக்கொண்டு ரூதர்போர்டு அணுக்கருவை உய்த்துணர்ந்தார். அடுத்தது போர் மாதிரி. ஆனால் 1909-இல் கைகரும் மார்ஸ்டனும் வெளியிட்ட மூலக் கட்டுரையை வாசிப்போருக்கு, இன்னொரு வரலாறும் அங்கேயே தொடங்குவது புலப்படும். திண்மப் பொருளின் மேற்பரப்பை அணு அடுக்குகளாக எண்ணும் முறையின் வரலாறு அது.

மான்செஸ்டரில் மார்ஸ்டன் அப்போது இருபது வயது இளங்கலை மாணவர். துத்தநாக சல்பைடு திரையில் தோன்றி மறையும் ஒளிப்பொறிகளை இருட்டறையில் நுண்ணோக்கி வழியே கண்ணால் எண்ண வேண்டியிருந்தது. அக்கட்டுரை மூன்று வினாக்களை எழுப்புகிறது. எந்த உலோகம் எவ்வளவு துகள்களைத் திருப்புகிறது? தகட்டின் தடிமன் கூடினால் என்ன ஆகிறது? விழும் துகள்களில் எத்தனை திரும்புகின்றன? ஈயம் முதல் அலுமினியம் வரை அளந்தபோது, அணு எடை மிகுந்த உலோகங்களே மிகுதியாகத் திருப்பின. தங்கத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது எண்ணிக்கை ஓர் எல்லைவரை உயர்ந்தது. எனவே மேற்பரப்பு மட்டுமன்றி உள்ளிருக்கும் அணுக்களும் துகள்களைத் திருப்புகின்றன. புகழ்பெற்ற ‘8000-இல் ஒன்று’ என்னும் விகிதம் கிடைத்தது பிளாட்டினத் தகட்டில், தங்கத்தில் அன்று.

அவர்களுக்குத் தகடு இன்னதென்று தெரியும்; சிதறலின் விதி தெரியாது. 1911-க்குப் பின் விதி தெரிந்துவிட்டது. ஆகவே, இன்னதென்று தெரியாத தகட்டை அவ்விதியைக் கொண்டே ஆராயலாம் என்றாயிற்று. தங்க அணுவில் மோதி நேர் பின்னே திரும்பும் ஹீலியம் அயனி தன் ஆற்றலில் 92 விழுக்காட்டைத் தக்கவைக்கும், சிலிக்கானில் மோதினால் 56, ஆக்சிஜனில் 36. ஆழத்திலிருந்து மீள்வது வழியில் மேலும் சிறிது இழக்கும். ஆகவே மீளும் அயனியின் ஆற்றலிலிருந்து தனிமத்தையும் ஆழத்தையும், எண்ணிக்கையிலிருந்து அணுக்களின் அளவையும் கணக்கிடலாம். 1957-இல் ரூபின், பாஸல், பெய்லி ஆகியோர் இதனை மேற்பரப்பு வேதிப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்திக் காட்டினர். 1967 செப்டம்பரில் சர்வேயர் 5 விண்கலம் நிலவில் இறங்கியது. அதிலிருந்த டர்கெவிச்சின் கருவி, கியூரியம்-242 உமிழ்ந்த ஆல்பா துகள்களால் நிலவு மண்ணின் தனிமங்களை முதன்முதலாக அங்கேயே அளந்தது. பசால்ட் பாறையை ஒத்த கலவை அது என்று, மனிதர் அங்கே கால் வைக்கும் முன்பே தெரிந்தது.

எனினும் தனி அடுக்குகளைப் பிரித்தறிய இது போதவில்லை. வழக்கமான ஹீலியக் கற்றையும் சிலிக்கான் உணர்கருவியும் பத்து நானோமீட்டர் அளவிலேயே ஆழத்தைப் பிரித்தறியும். அது பல பத்து அணு அடுக்குகளின் தடிமன். ஆம்ஸ்டர்டாமில் அயனியின் ஆற்றலைச் சுமார் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைத்து, நுட்பமான மின்புலப் பகுப்பியைப் பொருத்தினர். படிகத்தின் அணு வரிசைக்கு இணையாகக் கற்றையைச் செலுத்தினால், முதல் அணுவின் நிழலில் பின்னுள்ளவை மறையும். இடம் பெயர்ந்த அணுக்களே கண்ணில் படும். 

1985-இல் ஃபிரெங்கனும் வான் டெர் வீனும் ஈயப் படிகத்தை இவ்வாறு சூடேற்றிப் பார்த்தனர். உருகுநிலை 600.7 கெல்வின். அதற்கு வெகுமுன்பே மேலடுக்குகள் ஒழுங்கு குலைந்தன. உருகுநிலையை நெருங்க நெருங்கக் குலைந்த படலம் தடித்தது. பனிக்கட்டியின் மேல் நீர்ப்படலம் உண்டு என்று ஃபாரடே 1850-இலேயே கூறியிருந்தார். உருகுதல் மேற்பரப்பில் தொடங்குகிறது என்ற அக்கருத்துக்கு, ஓர் உலோகத்தில் அணுக்களை எண்ணிச் சான்று காட்டியது இந்த ஆய்வு.

அறிவியல் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக மட்டும் எழுதினால் இத்தொடர்ச்சி விடுபட்டுப்போகும். ஆய்வு மாணவர்கள் 1909-ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒருமுறை வாசிக்க வேண்டும். உலோகங்களின் அட்டவணையும் தடிமன் வரைபடமும் அணுக்கருவுக்கான சான்று மட்டுமல்ல. ஈயப் படிகத்தில் அடுக்குகளை எண்ணிய கருவிக்கும் அவையே தொடக்கம்.